எட்டாம் வரிசைக்கு எத்தனை மணி நேரம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம் வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் கணித விரிவுரையாளராக இருந்தேன். அங்கே லேபில் இருந்த நான்கு கம்ப்யூட்டர்களில் ஒன்றைச் சனிக்கிழமைகளில் எனக்கென்று விட்டுவைத்திருந்தார்கள். அதை நான் திட்டாத சனிக்கிழமை கிடையாது. லேப் உதவியாளர் ஐம்பதைத் தொட்டவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கதவருகே நாற்காலியைப் போட்டு வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். மணிக்கொரு தடவை தலையைத் தூக்கி, "அயிந்தா மேடம்?" என்பார். முடிந்ததா என்று கேட்கிறார். முடிந்திருக்காது.

முடியாமல் ஓடிக்கொண்டிருந்தது நானே பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஒரு ப்ரோகிராம். கால்குலேட்டர் எண்களைக் கூட்டிப் பெருக்கும். என்னுடையது எழுத்துகளைக் கூட்டிப் பெருக்கும். எக்ஸ், ஒய் என்று கொடுத்தால் எக்ஸ், ஒய் என்றே விடை தரும், நாம் பள்ளிக்கூடத்தில் இயற்கணிதம் போட்ட மாதிரி. வெளிநாட்டில் இதற்கென்று பெரிய பெரிய மென்பொருள்கள் இருந்தன. எங்கள் கல்லூரியில் இருந்தது நான்தான்.

எனக்கு அது தேவைப்பட்டது பிஎச்.டி.க்காக. மதுரையில் ஒரு பேராசிரியரை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு பகுதி நேரமாகப் பதிந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அணிக்கோவை என்று பாடப்புத்தகம் சொல்லும். வகுப்பில் நாங்கள் டிடர்மினன்ட் என்றுதான் சொல்வோம். எட்டு வரி, எட்டுக் கட்டம் என்று எழுத்துகளை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அடுக்கி அதற்கு டிடர்மினன்ட் கண்டால், அது அழகான ஒரு வாய்பாடாகச் சுருங்கும் என்று கண்டுபிடித்திருந்தேன். எட்டு மட்டுமல்ல, எத்தனை வரிசையானாலும் சுருங்கும். பஸ்ஸில் போகும்போது அந்த வாய்பாட்டை மனசுக்குள் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். அவ்வளவு பிடிக்கும்.

நிரூபணம் இருபது பக்கம். அதில் பதினான்காம் பக்கத்தில் "இவ்வாறே" என்று ஒரு வார்த்தை எழுதி ஓர் இடத்தைத் தாண்டிப் போயிருந்தேன். வழிகாட்டி அதைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டார்.

"நாலு, அஞ்சு, ஆறு வரிசைக்குக் கையால போட்டுருக்கீங்க, சரி. எட்டுக்குப் பாத்துட்டு வாங்கம்மா. எட்டுலயும் நின்னுச்சுன்னா இந்த 'இவ்வாறே'வ நான் நம்புறேன்" என்றார்.

ஜூன் கடைசியோடு என் பதிவு முடிகிறது. ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இன்னொன்று தரமாட்டார்கள். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஏழு வருடமும் போச்சு, மறுபடி முதலிலிருந்து பதிய வேண்டும். அப்போது மார்ச் நடந்துகொண்டிருந்தது.

கையால் ஆறாம் வரிசை போடவே ஒரு கோடை விடுமுறை போயிருந்தது. அதனால்தான் ப்ரோகிராம். அது டிடர்மினன்டை விரித்து, அதிலிருந்து என் வாய்பாட்டைக் கழிக்கும். வாய்பாடு சரியென்றால் திரையில் ஒரு பூஜ்யம் வர வேண்டும், அவ்வளவுதான். ஆறாம் வரிசைக்கு ஐந்து நிமிடத்தில் பூஜ்யம் வந்தது. ஏழுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. எட்டுக்கு எட்டு மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். லேபைத் திறப்பது காலை ஒன்பதரைக்கு. மதியம் ஒன்றரை வாக்கில் தவறாமல் கரண்ட் போய்விடும். யு.பி.எஸ். என்று ஒரு பெட்டி இருந்தது; அது கரண்ட் போனதைக் கீச்சென்று கத்தி நமக்குத் தெரிவிக்கும், அதற்குமேல் எதுவும் செய்யாது. நான்கு மணி நேரம் ஓடிய கணக்கு அப்படியே இருட்டில் போகும். நான்கு சனிக்கிழமை இப்படிப் போனது. எனக்கு வேண்டியது வேகம். எட்டு மணி நேர வேலையை நான்கு மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டும்.

இந்த இடத்தில் என் மடத்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் ப்ரோகிராம் ஒவ்வொரு படியையும் திரையில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போகும். நான்தான் அப்படி எழுதியிருந்தேன். பதினொரு வருடம் விடைத்தாள் திருத்திய கை. படி இல்லாமல் விடை மட்டும் எழுதுகிற பிள்ளைக்கு நான் மார்க் போட்டதே கிடையாது. அதே புத்தியோடு கம்ப்யூட்டரையும் நடத்தியிருக்கிறேன். அது பாவம், யாருமே படிக்காத ஆயிரக்கணக்கான படிகளைத் திரையில் உருட்டிக்கொண்டே இருந்தது. கணக்குப் போட்ட நேரத்தைவிட எழுதிக் காட்டிய நேரம்தான் அதிகம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

ஆனால் அந்த மடத்தனத்தால் ஒரு நன்மையும் நடந்தது. ஐந்தாம் வரிசைக்கு உண்டான படிகளை எல்லாம் பிரின்டரில் அடித்து, ஓரத்தில் ஓட்டை போட்ட அந்த நீளத் தாளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் தாளை விரித்துப்போட்டு, எங்கே நேரம் போகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து குழம்புக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க். ஜட்ஜுக்குக் கீழே உட்கார்ந்து, வழக்கில் தாக்கலாகும் ஆவணங்களை வாங்கி அடையாளம் போடுகிற வேலை. வாதி கொடுத்தால் ஏ-1, ஏ-2. பிரதிவாதி கொடுத்தால் பி-1, பி-2. கணக்கு என்றால் பயம். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் முப்பத்தேழு வாங்கியதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

வெங்காயக் கண்ணீரோடு தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "ஏட்டி, இந்த வரி மேலயும் வந்துச்சே" என்றார்.

"எந்த வரி?"

"இந்தா, இது. அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு. அடுத்த மடிப்புலயும் கெடக்கு. ஒரே சங்கதிய எதுக்கு இத்தன தடவ எழுதுத?"

"எழுதல. கண்டுபிடிக்குது. ஒவ்வொரு தடவையும் விரிச்சுக் கண்டுபிடிக்குது."

"ஒருக்கக் கண்டுபிடிச்சதப் பொறவு எதுக்குக் கண்டுபிடிக்கணும்? எங்க கோர்ட்டுல ஒரு கிரையப் பத்திரம் வந்தா ஏ-1னு குறி போட்டுருவோம். அம்புட்டுதான். சாட்சி விசாரணையில ஏ-1, வாதத்துல ஏ-1, தீர்ப்புலயும் ஏ-1. எடத்துக்கு எடம் பத்திரத்த முழுசா எழுதிக்கிட்டிருந்தா கேசு எப்ப முடிய?"

"கணக்கு தெரியாதவங்க வெங்காயத்த மட்டும் பாருங்க" என்றேன்.

அவர் பார்த்தார். நான் மறுநாள் காலை பஸ்ஸில் ராஜபாளையம் போகும் வழியில், நூல் மில் புகைபோக்கிகள் கண்ணில் படத் தொடங்கும் இடத்தில், அவர் சொன்னது சரி என்பதைக் கண்டுபிடித்தேன். எட்டாம் வரிசையை ஏழாம் வரிசைத் துண்டுகளாக உடைக்கிறோம், அவற்றை ஆறாக, ஐந்தாக. அப்படிக் கீழே போகும்போது அதே துண்டு வேறு வேறு வழியில் வந்து நிற்கும். மூன்றாம் வரிசைத் துண்டுகள் மொத்தமே ஐம்பத்தாறுதான். என் ப்ரோகிராம் அந்த ஐம்பத்தாறில் ஒவ்வொன்றையும் நூற்றிருபது தடவை புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. குறி போட்டு வைத்தால் ஒரு தடவை போதும்.

இது உலகத்தில் யாருக்கும் தெரியாத வித்தை ஒன்றும் இல்லை. பெரிய ஊர்க்காரர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. எனக்கு வந்தது வெங்காயம் உரித்தவரிடமிருந்து. அவரிடம் அதை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. ஒத்துக்கொண்ட அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தெருவில் போகிற பால்காரரைக் கூப்பிட்டுச் சொல்லாதது ஒன்றுதான் பாக்கி.

ஏப்ரலில் ப்ரோகிராமைப் பிரித்து மறுபடி எழுதினேன். திரையில் படி காட்டுவதை வெட்டினேன். என் கையே என்னைத் திட்டியது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கொடுத்து, கண்டுபிடித்ததை அந்த எண்ணுக்குக் கீழ் வைத்து, அடுத்த தடவை தேவைப்பட்டால் அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஏழாம் வரிசை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. லேப் உதவியாளர் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துவந்து, "மெஷின் கெட்டுப் போச்சா மேடம்?" என்றார்.

எட்டாம் வரிசையில் வேறு தொல்லை. வைத்துக்கொள்ளும் துண்டுகளுக்கு நினைவகத்தில் இடம் போதவில்லை, பாதியில் நின்றது. டிடர்மினன்டை விரிக்கும்போது துண்டுகளைக் கூட்டல், கழித்தல் என்று மாறி மாறிச் சேர்க்க வேண்டும். கழிக்க வேண்டிய துண்டுக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் குறியை மாற்றுவது என் வழக்கம். நகல்தான் இடத்தை அடைத்தது. அதனால் ஒரு சிக்கனம் செய்தேன்: இடம் தட்டுப்படும்போது நகல் எடுக்காதே, மூலத்திலேயே குறியை மாற்றிவிடு. ஜூன் மாத முதல் சனிக்கிழமை எட்டாம் வரிசை முழுதாக ஓடி முடிந்தது. பத்தொன்பது நிமிடம்.

பூஜ்யம் வரவில்லை. பக்கம் பக்கமாக எழுத்துகள் வந்தன. நிறுத்தாமல் வந்தன.

அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன். பக்கத்தில் நின்ற பெண் யார் வீட்டுத் துஷ்டி, செத்தது யார் என்று கேட்டாள். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. துறையில் ஒரு தோழியிடம் மட்டும் சொன்னேன். அவள், "ஏழு வரைக்கும் வந்துச்சுல்ல? 'ஏழு வரை சரிபார்க்கப்பட்டது'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துரு. எட்டுக்கு மெஷினு தாங்கலன்னு கைடுட்ட சொல்லிரு. எட்ட யாரு போட்டுப் பாக்கப் போறா?" என்றாள். நான் அந்த வரியை எழுதிக்கூடப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் என் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "உப்பு போட மறந்தா பரவால்ல, ரெண்டு தடவ போட்டுருக்க. என்னன்னு சொல்லு."

சொன்னேன். ஏழு வரை சரி, எட்டில் குப்பை. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் என்ன மாற்றினாய் என்று கேட்டார். இடம் போதாததற்கு மூலத்திலேயே குறியை மாற்றினேன் என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "குறி போட்ட காகிதத்துலயா பேனா வச்ச?"

எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் விடவில்லை, கோர்ட்டில் யாரோ அந்தக் குற்றத்தைச் செய்துவிட்ட மாதிரி பதறிப் பேசினார். "ஏ-1ஐ நம்பி அம்புட்டு பேரும் பேசுதான். நீ போயி அதுல ஒரு கோடு போட்டா, அதுக்கப்புறம் பேசுதவன் அம்புட்டு பேரும் வேற பத்திரத்தப் பத்திப் பேசுதான். ஜட்ஜே ஆனாலும் அதுல எழுத முடியாது. எழுதணும்னா தனிச்சீட்டுல எழுதிப் பின்ன கோத்து வைப்போம்."

தனிச்சீட்டு. கழித்தல் குறியைத் துண்டின் மேல் எழுத வேண்டியதில்லை, துண்டின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதினால் போதும். நகலும் வேண்டாம், இடமும் மிச்சம். தட்டிலிருந்து கையை எடுத்து அவர் கன்னத்தைக் கிள்ளினேன். குழம்பு அப்பிக்கொண்டது.

அடுத்தது இரண்டாவது சனிக்கிழமை, கோர்ட் விடுமுறை. "உன் மெஷின நானும் பாக்கேன்" என்று கூடவே கிளம்பி வந்தார். லேப் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். லேப் உதவியாளரும் அவரும் பத்து நிமிடத்தில் உறவு கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவருடைய மச்சினர் வழக்கு இன்னொருவர் கோர்ட்டில் நடக்கிறது. நான் திருத்திய ப்ரோகிராமை ஓடவிட்டேன்.

பதினோரு நிமிடம் ஆனது. பக்கம் பக்கமாக எதுவும் வரவில்லை. பூஜ்யமும் வரவில்லை. ஒரே ஒரு வரி வந்து நின்றது: ஒரு கழித்தல் குறி, ஓர் இரண்டு, நான்கு எழுத்துகளின் வர்க்கங்கள்.

"அயிந்தா மேடம்?" என்றார் உதவியாளர்.

மறுபடி ஓடவிட்டேன், அதே வரி. ஏழாம் வரிசையைப் போட்டேன், பூஜ்யம். பிறகு பென்சிலை எடுத்து, அந்த ஒரே உறுப்பு மட்டும் டிடர்மினன்டில் எத்தனை தடவை வரும் என்று கையால் எண்ணினேன். முழுக்கணக்குக்கு ஆயுசு போதாது, ஓர் உறுப்பை எண்ண அரைமணி நேரம் போதும். மெஷின் சரி. நான்தான் தப்பு. பதினான்காம் பக்கத்து "இவ்வாறே" எட்டில் உடைகிறது. ஏழு வருடம் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்த வாய்பாடு பொய்.

அந்த வரியை மட்டும் பிரின்டரில் அடித்துக் கிழித்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"தப்பா?"

"தப்பு."

"எம்புட்டு தப்பு?"

"ஓர் உறுப்பு."

"ஒண்ணுதான?"

இன்னொரு நாளாக இருந்தால் அந்த "ஒண்ணுதான"வுக்கு நான் ஆடியிருக்கும் ஆட்டமே வேறு. அன்றைக்குத் தெம்பு இல்லை. வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரோட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"இந்தத் தாளு ஒண்ணுதான இருக்கு? நாம ரெண்டு பேருதான பாத்தோம். ஏழு வரைக்கும் சரின்னு எழுதிக் குடுத்துரு. ஏழு வருசம் நீ பட்ட பாட்ட நான் பாத்துருக்கேன். போதும்."

தாள் மடிந்து அவர் சட்டைப்பைக்குள் போயிருந்தது.

அவரைப் பார்த்தேன். ஆவணத்தில் ஒரு புள்ளி கூட விழக்கூடாது என்று நாலைந்து நாளைக்கு முன்னால் சோற்றுக்கையோடு பதறிய மனிதர். ஒரு வக்கீல் வழக்குக் கட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை உருவச் சொல்லிக் கெஞ்சியபோது, மூன்று மாதம் அவரோடு பேசாமல் இருந்தவர். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் ஆசையாக எத்தனையோ சொல்லியிருக்கிறார். இதற்குச் சமமாக ஒன்றும் இல்லை. அந்த இடத்தில், ஊர் பார்க்க, அவர் தோளில் சாய்ந்துவிடலாம் போலிருந்தது. அதே சமயம் அவரை அந்தக் காரியத்தைச் செய்ய விட்டுவிட்டால் என்னை எனக்குப் பிடிக்காமல் போய்விடும் என்றும் தெரிந்தது.

"தாளக் குடுங்க" என்றேன்.

அவர் எடுத்துக் கொடுத்தார்.

அந்த ஜூனில் என் பதிவு காலாவதியானது. புதிதாகப் பதிந்து, அந்த ஓர் உறுப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, எல்லா வரிசைக்கும் நிற்கிற வாய்பாட்டை நிரூபித்துப் பட்டம் வாங்க இன்னும் நான்கு வருடம் ஆனது. புது வாய்பாடு பழையதைப் போல அழகில்லை. பின்னால் ஒரு வால் தொங்கும். அதையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது நான் அறிந்திருக்கவில்லை. ஏழு வருடம் போயிற்று என்பது மட்டும் தெரியும்.

மதுரை பஸ் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகும், ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் வந்தார். என் கணவர் வழக்கம்போல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு கேட்க வாயெடுக்கும் முன் நான் முந்திக்கொண்டேன்.

"மதுரை ஒண்ணு, ஸ்ரீவில்லிபுத்தூர் ஒண்ணு. நீங்க எறங்கி வீட்டுக்குப் போங்க. நான் இன்னைக்கே கைடு வீட்டுக்குப் போயி இதக் காட்டிட்டு வாரேன். நாளைக்குன்னு வச்சா எனக்கு மனசு மாறிரும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு வெங்காயம் எதுவும் இல்லை. பிறகு கண்டக்டரிடம் பணத்தை நீட்டினார்.

"மதுரை ரெண்டு" என்றார்.